நகரிப் பெண்ணும் திருத்தணிப் பிள்ளையும்

நேயர்களுக்கு வணக்கம்.

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்குப் போகும் ரயில் பாதையில், திருத்தணியைத் தாண்டிச் சற்று நேரத்தில் ஆந்திர எல்லை வந்துவிடும். அதன்பின் ஏகாம்பரகுப்பம் நிலையத்தில் இறங்கினால் எங்கள் நகரி. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு படித்து வளரும் பிள்ளைகள் எங்கள் பக்கம் ஏராளம்.

என் தங்கை மகளும் அப்படி வளர்ந்தவள். சென்ற ஆண்டு கோடையில் வங்கித் தேர்வுப் பயிற்சிக்காகச் சென்னைக்குப் போனவள், பெரம்பூரில் உறவினர் வீட்டில் தங்கி, 29சி பேருந்தில் மயிலாப்பூருக்குப் போய்வந்தாள். சரளமாகத் தமிழ் பேசும் அவளுக்குப் பேருந்தின் தமிழ்ப் பலகையை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது. எண்ணைப் பார்த்து ஏறினால் போதாதா என்று கேட்கலாம். பாதி வழியோடு நின்றுவிடும் கட் சர்வீஸ் வண்டியில் ஏறி, கத்திரி வெயிலில் நடுவழியில் இறங்கியவர்களுக்கே அந்தச் சங்கடம் புரியும். அப்படி இறங்கி நின்ற ஒரு நாளில் அவளுக்குப் பலகையைப் படித்துச் சொன்னவர், அதே பயிற்சி வகுப்பில் படித்த திருத்தணிப் பிள்ளை. பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்தும் ஒருவரையொருவர் அறிய அவர்களுக்குச் சென்னை வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு, நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரமெல்லாம் பாடமாகியது. பயணச்சீட்டின் பின்புறத்தில் அவர் ஒரு தமிழ் எழுத்தை எழுத, அதன் கீழே அவள் அதற்குரிய தெலுங்கு எழுத்தை எழுதுவாளாம். தமிழின் ஒரு ககரத்துக்குத் தெலுங்கில் நான்கு எழுத்துகள் வந்து நின்றபோது, எது சிக்கனம், எது தெளிவு என்று பெரிய வழக்கே நடந்திருக்கிறது. அதுவரை அது நட்புதான் என்று இருவருமே நம்பினார்கள். பயிற்சி முடிந்து ஊர் திரும்பிய பிறகு, பேசுவதற்கு அவர் இல்லாத மாலைப்பொழுதுகளில்தான் அவளுக்குத் தன் மனம் தெரிந்தது.

எங்கள் ஊர்களில் ஒருவரோடு முதல் வார்த்தை பேசுவதற்கு முன்பே அவர் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. சென்னை அவர்களுக்கு மனிதரை முதலில் அறியும் அவகாசத்தைத் தந்தது. அந்த வரிசை மாறியதை நான் பெரும்பேறாகவே கருதுகிறேன்.

நம் அகத்திணை மரபில் தலைவியின் காதலைத் தோழி வளர்ப்புத் தாயான செவிலிக்கும், செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையர்க்கும் எடுத்துரைப்பதை அறத்தொடு நிற்றல் என்பார்கள். வீட்டுக்குள்ளிருந்தே ஒருவர் காதலின் பக்கம் நின்று பேசுவதை அறமாகக் கண்ட மரபு இது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துச் சாதி கடந்து மணந்துகொள்ளலாம். அதற்குப் பெற்றோரின் கையெழுத்து தேவையில்லை. ஆனாலும், தறி ஓசையோடு வளர்ந்த அந்த வீட்டு வாசலிலிருந்தே புறப்பட வேண்டும் என்று அவள் விரும்புகிறாள்.

ஆகவே, இருவரின் இசைவோடும் அவள் தந்தையிடம் நானே பேசினேன். அவர் முதலில் கேட்டது சாதியை. நான் அந்தப் பிள்ளையின் பொறுமையையும், என் மகள்போன்றவளை அவர் ஒருநாளும் கேலி செய்யாமல் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததையும் சொன்னேன். சென்ற வாரம் அவராகவே, "அந்தப் பையன் தேர்வு என்ன ஆயிற்று?" என்று விசாரித்தார். இன்னும் சம்மதம் சொல்லவில்லை. தை பிறப்பதற்குள் திருத்தணிக்கு அவரை அழைத்துப் போய் அந்தக் குடும்பத்தாரோடு உட்கார வைக்க வேண்டும் என்று இருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.