ஒத்தை அடுக்கு வெளிச்சம்

வணக்கம் நேயர்களே. டிராக்டர் ஒர்க்‌ஷாப்ல கருப்பா ஒரு கிரீஸ் வச்சிருப்பாங்க பாத்திருக்கீங்களா, கையில பட்டா சோப்பு போட்டுத் தேச்சாலும் நகக்கண்ணுல நாலு நாள் நிக்கும். அந்த மாதிரி கருப்பு கிரீஸ் பலதுல மாலிப்டினம் டைசல்ஃபைடுனு ஒரு பொடி கலந்திருக்கும். மன்னார்குடி பக்கம் ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கற நான் இன்னைக்கு உங்ககிட்ட பேச வந்திருக்கறது அந்தக் கருப்புப் பொருளைப் பத்திதான்.

அது ஏன் வழுக்குதுன்னு மொதல்ல சொல்லிடறேன். தார் வெட்டின வாழை மரத்தை நாருக்காக உரிப்போம்ல, பட்டை பட்டையா கழண்டு வரும், ஒரு பட்டை தனக்குள்ள கெட்டி, ஆனா பட்டைக்கும் பட்டைக்கும் பிடிப்பு கம்மி. இதுவும் அப்படித்தான். ஒரு அடுக்குன்னா நடுவுல மாலிப்டினம் அணு, மேலயும் கீழயும் கந்தக அணு, மூணும் இறுக்கமா பிணைஞ்சு சுமார் 0.65 நானோமீட்டர் கனம், அவ்வளவுதான். நம்ம தலைமுடி ஒண்ணோட கனத்துக்கு இந்த மாதிரி கிட்டத்தட்ட ஒரு லட்சம் அடுக்கு வேணும். அடுக்குகள் ஒண்ணு மேல ஒண்ணு லேசா உக்காந்திருக்கறதால சறுக்கிக்கிட்டு போகுது, அதான் வழுக்கல்.

இப்ப உரிச்சுக்கிட்டே போயி கடைசி ஒத்தை அடுக்குல நிறுத்தினா என்ன ஆகும்? 2004ல மான்செஸ்டர்ல ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் பென்சில் கிராஃபைட்டை சாதாரண ஒட்டுற டேப்பால உரிச்சு உரிச்சு கிராஃபீன்னு சொல்ற ஒத்தை அடுக்கு கார்பனை எடுத்து மின்சாரம் பாய்ச்சிக் காட்டினாங்க, 2010ல நோபல் கிடைச்சுது. அதே 2010ல அமெரிக்காவுல கொலம்பியா யுனிவர்சிட்டியிலயும் பெர்க்லி யுனிவர்சிட்டியிலயும் ரெண்டு குழு மாலிப்டினம் டைசல்ஃபைடை அதே மாதிரி உரிச்சுப் பாத்தாங்க. கட்டியா இருக்கறப்போ லேசர் அடிச்சா கிட்டத்தட்ட வெளிச்சமே தராம மந்தமா கிடந்த பொருள், ஒத்தை அடுக்கானதும் சிவப்பா ஒளிருது! வெளிச்சம் தர்ற திறன் கட்டியை விட 10,000 மடங்குக்கு மேல கூடிடுச்சுன்னு கொலம்பியா குழு எழுதினாங்க. புதுசா எதையும் சேக்கல, இருந்ததை எடுத்தது மட்டும்தான், எனக்கு இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

ஏன் அப்படின்னு கொஞ்சம் நிதானமா சொல்றேன், இதுதான் இந்த விஷயத்தோட உயிர். செமிகண்டக்டர்ல, அதாவது மின்சாரத்தை அரைகுறையா கடத்தற பொருள்ல, ஒரு எலக்ட்ரானை மேல ஏத்திவிட்டா அது திரும்பக் கீழ விழறப்போ வெளிச்சம் வரலாம். ஆனா விழ வேண்டிய பள்ளம் அதுக்கு நேர் கீழ இருக்கணும். தென்னை மரத்துல ஏறினவர் காய் வெட்டிப் போடறார், நேர் கீழ குழி இருந்தா பொத்துனு விழுந்திடும், குழி அடுத்த வயல்ல இருந்தா யாராவது பக்கவாட்டுல தள்ளணும். அந்தத் தள்ளற வேலையை அணுக்களோட அதிர்வுதான் செய்யணும், அது எப்பவாவதுதான் சரியா வாய்க்கும், அதுக்குள்ள சக்தியெல்லாம் சூடா போயிடும். கட்டியா இருக்கற மாலிப்டினம் டைசல்ஃபைடு இந்த ரெண்டாவது ரகம், நம்ம போன் சிப்ல இருக்கற சிலிக்கானும் அதே ரகம்தான், அதனாலதான் சிலிக்கான்ல எல்.இ.டி. பல்பு செய்யறதில்ல.

ஒத்தை அடுக்குல பள்ளம் எப்படி நேர் கீழ வந்துச்சு? அடுக்கு மேல அடுக்கா இருக்கறப்போ மேல் அடுக்கோட கந்தகமும் கீழ் அடுக்கோட கந்தகமும் எதிர் எதிரா நிக்குது, வேலிக்கு ரெண்டு பக்கமும் நின்னு ரெண்டு வீட்டுக்காரங்க பேசிக்கற மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற எலக்ட்ரான் அலைகள் ஒண்ணை ஒண்ணு பாதிக்குது, அதுல சில நிலைகளோட உயரம் மாறிப்போகுது. ஆனா வீட்டுக்கு நடுவுல, மாலிப்டினத்தை ஒட்டியே இருக்கற நிலைகளுக்கு பக்கத்து வீட்டுல ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான். உரிச்சதும் பக்கத்து வீடு போயிடுச்சு, வெளிய நீட்டின நிலைகள் இடம் மாறிடுச்சு, எலக்ட்ரான் ஏறி நிக்கற மேல் படியும் அது விழற கீழ் படியும் இப்ப அந்த உள்வீட்டு நிலைகள்லயே, ஒண்ணுக்கு ஒண்ணு நேரா. நடுவுல இருக்கற இடைவெளியும் சுமார் 1.3 எலக்ட்ரான் வோல்ட்ல (எலக்ட்ரானோட சக்தியை அளக்கற அலகு) இருந்து 1.9 பக்கம் ஏறிடுது, அதான் சிவப்பு.

இன்னொரு விசேஷம். மேல ஏறின எலக்ட்ரானும் அது விட்டுட்டுப் போன காலி இடமும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு ஜோடியா சுத்தும், எக்சிடான்னு பேரு. கனமான பொருள்ல சுத்தி இருக்கற மத்த சார்ஜுகள் குறுக்க வந்து அந்த இழுப்பை மட்டுப்படுத்திடும், சிலிக்கான்ல அந்தப் பிடிப்பு 15 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவுதான், நம்ம ஊர் வெயில் இல்ல, சாதாரண அறைச் சூடே அதைப் பிரிச்சிடும். ஒத்தை அடுக்குக்கு மேலயும் கீழயும் குறுக்க வர ஆளே இல்ல, பிடிப்பு சில நூறு மில்லி எலக்ட்ரான் வோல்ட், அறைச் சூட்டுலயும் ஜோடி பிரியாது. ஆனா இதுக்கு மறுபக்கமும் இருக்கு, மொத்தமும் மேற்பரப்பாவே இருக்கறதால அடியில என்ன வைக்கறோம், மேல என்ன படியுதுங்கறதெல்லாம் வெளிச்சத்தை மாத்திடும். ஐப்பசி அடைமழையில சாம்பிள் எடுத்தவங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும், டேப் பிசின் ஒரு பக்கம், ஈரம் ஒரு பக்கம்.

சரி, எலக்ட்ரானிக்ஸ் பக்கம் வருவோம். டிரான்சிஸ்டர்ங்கறது நம்ம பாஷையில மதகு. கிராஃபீன்ல எலக்ட்ரான் பிரமாதமா ஓடும், ஆனா மேல் படிக்கும் கீழ் படிக்கும் நடுவுல இடைவெளி இல்லாததால மதகை மூடவே முடியாது, தண்ணி போய்க்கிட்டேதான் இருக்கும். மாலிப்டினம் டைசல்ஃபைடு நல்லா மூடும். 2011ல சுவிட்சர்லாந்து லோசான்ல செஞ்ச ஒத்தை அடுக்கு டிரான்சிஸ்டர்ல திறந்தப்போ ஓடின கரண்ட், மூடினப்போ கசிஞ்சதைப் போல 10 கோடி மடங்கு. சிலிக்கானை ரொம்ப மெல்லிசாக்கினா மேல்பரப்பு கரடுமுரடுல எலக்ட்ரான் தட்டுத் தடுமாறும், இதுக்கு இயற்கையிலேயே வழவழப்பான முகம். 2017ல வியன்னாவுல 115 டிரான்சிஸ்டர் வச்சு ஒரு குட்டி பிராசசரே செஞ்சாங்க. ஆனா நாளைக்கே உங்க போன்ல வந்திடும்னு நான் சொல்ல மாட்டேன், உலோகக் கம்பியை இதோட சேக்கற இடத்துல தடை அதிகம், பெரிய பரப்புல பழுதில்லாம வளக்கறதும் கஷ்டம், அங்கங்க கந்தக அணு விட்டுப்போயிருக்கும்.

உரிச்சது ஒத்தை அடுக்குதானான்னு எப்படித் தெரியும்? வயல் தண்ணியில டீசல் சிந்தினா கனத்துக்கு ஏத்த மாதிரி கலர் மாறும்ல, அதே தத்துவத்துல ஆக்சைடு பூசின சிலிக்கான் மேல வச்சா மைக்ரோஸ்கோப்புல மங்கலா ஒரு நிற வித்தியாசம் தெரியும். உறுதி பண்றதுக்கு ராமன் ஸ்பெக்ட்ரம். சிதறி வர்ற வெளிச்சத்துல ரெண்டு கோடு இருக்கும், கட்டியில ரெண்டுக்கும் இடைவெளி சுமார் 25 அலையெண் (ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலைங்கற கணக்கு), ஒத்தை அடுக்குல 19 பக்கம். இன்னைக்கு உலகம் பூரா இந்தத் துறையில இருக்கற லேப் எல்லாம் தினமும் சொல்ற அந்தப் பேரு, 1888ல காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல திருவானைக்காவல்ல பிறந்த சி.வி. ராமனோட பேரு. என் கிளாஸ்ல இதை ஒவ்வொரு வருஷமும் சொல்றேன், சொல்றப்போ இப்பவும் எனக்கு சிலிர்க்கும்.

எங்க காலேஜ்ல அந்தக் கருவி இல்ல, திருச்சியில ஒரு லேப்ல நேரம் கேட்டு வாங்கி பசங்களைக் கூட்டிட்டுப் போனேன். அதுல ஒரு பையனோட அப்பா டிராக்டர் மெக்கானிக், நம்ம கிரீஸ்ல இருக்கறதாமேன்னு அவரும் கூடவே வந்துட்டார். பச்சை லேசர் அடிச்சதும் கேமரா ஸ்கிரீன்ல இருட்டுக்குள்ள சின்னதா, உடைஞ்ச அரிசி மாதிரி ஒரு சிவப்புத் துண்டு. பக்கத்துலயே ஒட்டிக்கிட்டிருந்த கனமான துண்டு இருட்டாவே கிடந்துச்சு. அவர் ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்தார், நகக்கண்ணுல அந்தக் கருப்பு இருந்துச்சு. அப்புறம் கேட்டார்: "சார், லேசர் அடிச்சா எரியுது சரி, இதுக்கே நேரா கரண்ட் குடுத்தா எரியுமா?"

எரியும்ங்க. 2014ல இதோட பங்காளியான டங்ஸ்டன் டைசெலினைடு ஒத்தை அடுக்குல, ஒரு பாதியில எலக்ட்ரானையும் மறு பாதியில காலி இடத்தையும் நிரப்பி, நடுக்கோட்டுல ரெண்டும் சந்திக்கற இடத்துல வெளிச்சம் வரவச்சுக் காட்டிட்டாங்க. கண்ணுக்கு எட்டியும் எட்டாத அடர் சிவப்பு. அதை அவர்கிட்ட சொன்னேன், "அப்ப பல்புதான் சார் இது"ன்னு சொல்லிட்டு மறுபடியும் ஸ்கிரீன் பக்கம் குனிஞ்சார்.