சலுகை மண்ணுக்கா, மனிதருக்கா? அமெரிக்க நகரங்களை மீட்க வலதுசாரிகள் சொன்ன வழிகள்

[திரையில்: மிச்சிகன் ஏரிக்கரையில் மில்வாக்கி நகரத்தின் வரைபடம்]

வணக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறது மில்வாக்கி. பீர் ஆலைகளுக்கும் இயந்திரத் தொழிற்சாலைகளுக்கும் பேர்போன ஊர். 1981இல் அங்கே ஷ்லிட்ஸ் பீர் ஆலை மூடப்பட்டது. டிராக்டர் தயாரித்த அல்லிஸ் சால்மர்ஸ் நிறுவனம் 1987இல் திவாலானது. ஆலை வேலையை நம்பித் தென்மாநிலங்களிலிருந்து வந்து குடியேறிய கறுப்பினக் குடும்பங்கள்தான் அதிகம் அடிபட்டன. வேலை போனது, அதன் பின்னாலேயே கடைகள் போயின, வசதி இருந்தவர்கள் புறநகருக்குப் போனார்கள். போக வழியில்லாதவர்கள் தங்கிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட பகுதிகளைப் பற்றி வலதுசாரிகளுக்குச் சொல்ல எதுவும் இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது உண்மையல்ல. படிப்பு, தொழில் ஆகிய இரண்டையும் பிடித்துக்கொண்டு அவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திட்டங்களை முன்வைத்து வருகிறார்கள். பிள்ளை எந்தப் பள்ளியில் படிப்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும், தொழில் தொடங்க வருகிறவரின் குறுக்கே நிற்கும் வரியையும் விதியையும் அரசு விலக்கட்டும் என்பதே சாரம்.

இவற்றில் சில பலித்தன, சில பலிக்கவில்லை. ஏன் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சலுகை அந்தப் பகுதியில் வாழும் மனிதரின் கைக்குப் போன இடங்களில் பலன் கிடைத்தது. நிலத்தோடு கட்டிவைக்கப்பட்ட இடங்களில், நிலம் வைத்திருந்தவர் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டார்.

[திரையில்: 1990, விஸ்கான்சின் சட்டமன்றக் கட்டடம்]

முதலில் பள்ளி. 1976இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி, மில்வாக்கிப் பள்ளிகளில் இனப் பிரிவினை நிலவுகிறது, அதைக் களைய வேண்டும் என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு நியாயமானது. நிறைவேற்றிய விதம் அப்படியல்ல. பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகளையே பஸ்ஸில் ஏற்றி நகரத்தின் மறுகோடிக்கு அனுப்பினார்கள். அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு திசையில் பயணம் செய்தார்கள். கார் இல்லாத ஒரு தாய், பிள்ளையின் ஆசிரியரைப் போய்ப் பார்ப்பதே பெரும்பாடாக இருந்தது.

இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் பாலி வில்லியம்ஸ். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், கறுப்பினப் பெண், ஜனநாயகக் கட்சிக்காரர். கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் அதிபர் தேர்தலில் இறங்கியபோது விஸ்கான்சினில் அவருக்காகப் பிரசாரத்தை நடத்தியவர். எந்த அளவுகோலிலும் அவரை வலதுசாரி என்று சொல்ல முடியாது. ஆனால் தம் தொகுதி மக்களுக்கு வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சொந்தக் கட்சி கைகொடுக்காதபோது, குடியரசுக் கட்சி ஆளுநர் டாமி தாம்ப்சனோடு சேர்ந்தார். 1990இல் சட்டம் நிறைவேறியது.

திட்டம் எளிமையானது. வருமானம் குறைந்த குடும்பத்தின் பிள்ளை தனியார் பள்ளியில் சேர விரும்பினால், மாநில அரசு ஆண்டுக்குச் சுமார் 2,500 டாலரை அந்தப் பள்ளிக்குச் செலுத்தும். இதுதான் வவுச்சர். முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள், ஏழு பள்ளிகள், அவ்வளவுதான். மதச் சார்புள்ள பள்ளிகள் தொடக்கத்தில் சேர்க்கப்படவில்லை. 1995இல் சட்டத்தைத் திருத்தி அவற்றையும் சேர்த்தார்கள். 1998இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2002இல் கிளீவ்லண்ட் நகரத்தின் இதுபோன்ற திட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லும் என்றது. பணம் எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பதை அரசு தீர்மானிக்கவில்லை, பெற்றோரே தீர்மானிக்கிறார்கள் என்பது தீர்ப்பின் அடிப்படை.

[திரையில்: இரண்டு பத்தி அட்டவணை, 82 சதவீதம், 70 சதவீதம்]

சரி, பிள்ளைகள் நன்றாகப் படித்தார்களா? இங்கே நிதானம் தேவை. மில்வாக்கியில் மாநில அரசு செய்வித்த முதல் மதிப்பீடு, வவுச்சர் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. தலைநகர் வாஷிங்டனில் 2004இல் தொடங்கிய திட்டத்தில் இடம் குலுக்கல் முறையில் தரப்பட்டது. ஆகவே குலுக்கலில் வென்றவர்களையும் தவறியவர்களையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது. வென்றவர்களில் 82 சதவீதம் பேர் உயர்நிலைப் பள்ளியை முடித்தார்கள், தவறியவர்களில் 70 சதவீதம் பேர். கணக்கு மதிப்பெண்ணில் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. அதே திட்டத்தைப் பற்றி 2017இல் வந்த மற்றோர் ஆய்வு, முதல் ஆண்டில் கணக்கு மதிப்பெண் குறைந்ததாகவே சொன்னது. மூன்றாம் ஆண்டில் அந்த வித்தியாசம் மறைந்தது.

வவுச்சரால் மதிப்பெண் எகிறும் என்று வாக்குக் கொடுத்தவர்கள் மிகைப்படுத்தினார்கள். ஆனால் பள்ளிப் படிப்பையே முடிக்காமல் நின்றுவிடும் பகுதிகளில் 12 சதவீதப் புள்ளி வித்தியாசம் என்பது நூற்றுக்கணக்கான வாழ்க்கைகள். அதை அலட்சியம் செய்கிறவர்களோடு என்னால் உடன்பட முடியாது.

மில்வாக்கியில் இன்னொன்றும் நடந்தது. கண்காணிப்பு தளர்வாக இருந்ததால் பணத்துக்காகவே பள்ளி திறந்தவர்கள் உள்ளே வந்தார்கள். ஒரு பள்ளியின் நிர்வாகி வவுச்சர் பணத்தில் இரண்டு மெர்சிடிஸ் கார் வாங்கினார். பள்ளிகள் இடையில் மூடிக்கொண்டபோது பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள். பிறகுதான் மாநில அரசு நிதிக் கணக்கையும் அங்கீகாரத்தையும் கேட்கும் விதிகளைக் கொண்டுவந்தது. மோசமான பள்ளியைப் பெற்றோரே விட்டு விலகிவிடுவார்கள், சந்தை பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அந்த ஆண்டுகளில் பொய்த்தது.

[திரையில்: பாஸ்டன் நகரம்]

இதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது, எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும். சார்ட்டர் பள்ளி. அரசுப் பணத்தில் நடக்கும், கட்டணம் கிடையாது, ஆனால் நிர்வாகம் சுதந்திரமானது. சொன்ன இலக்கை எட்டாவிட்டால் அனுமதியை ரத்து செய்து மூடிவிடலாம். 1991இல் மின்னசோட்டா மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. பாஸ்டனில் இந்தப் பள்ளிகளுக்கு இடத்தைவிட விண்ணப்பம் அதிகம், எனவே குலுக்கல். அந்தக் குலுக்கலை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் செய்த ஆய்வில், இடம் கிடைத்த ஏழைப் பிள்ளைகள், குறிப்பாகக் கணக்கில், பெரிய அளவில் முன்னேறியது தெரிந்தது. நீண்ட பள்ளி நேரம், தனிப்பயிற்சி, கண்டிப்பான ஒழுங்கு, ஒவ்வொரு பிள்ளையும் கல்லூரிக்குப் போகும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பாஸ்டன் இருக்கும் அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் புறநகர்ச் சார்ட்டர் பள்ளிகளில் இந்தப் பலன் தெரியவில்லை. அதாவது, யாருக்கு மாற்று வழி இல்லையோ அவர்களுக்கே இது உதவியது. இவ்வளவு தெரிந்த பிறகும் 2016இல் மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் சார்ட்டர் பள்ளிகளின் எண்ணிக்கை வரம்பை உயர்த்த மறுத்துவிட்டார்கள். வருத்தமான முடிவு.

[திரையில்: லண்டன் துறைமுகம், கருப்பு வெள்ளைப் படங்கள்]

இனி தொழில். இந்தக் கதை லண்டனில் தொடங்குகிறது. ஹாங்காங் போல வரியும் விதியும் குறைந்த சிறு பகுதிகளை நலிந்த நகரங்களுக்குள் உருவாக்கிப் பார்த்தால் என்ன என்று 1977இல் கேட்டவர் பீட்டர் ஹால். அவரும் இடதுசாரிப் பின்னணி கொண்ட நகர்ப்புவியியலாளர்தான். தாட்சர் அரசின் நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ், 1980 பட்ஜெட்டில் அதைத் தொழில் ஊக்க மண்டலம் என்ற பெயரில் கொள்கையாக்கினார். மண்டலத்துக்குள் கட்டடம் எழுப்பினால் பத்து ஆண்டுகளுக்கு உள்ளாட்சிச் சொத்துவரி இல்லை, கட்டடச் செலவு முழுவதையும் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

லண்டனின் ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதியில் துறைமுகம் 1980இல் மூடப்பட்டிருந்தது. 1982இல் மண்டலம் வந்தது. இன்று அங்கே நிற்பது கேனரி வார்ஃப், வங்கிகளின் வானளாவிய கோபுரங்கள். நகரத்துக்கு அது பெரிய வெற்றி, மறுக்கவில்லை. ஆனால் மூட்டை சுமந்த துறைமுகத் தொழிலாளிக்கு வங்கியில் என்ன வேலை? அந்தக் கோபுரங்கள் நிற்கும் டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரம் பிரிட்டனிலேயே குழந்தை வறுமை மிகுந்த இடங்களில் ஒன்றாகத் தொடர்ந்தது. வரிச்சலுகை உள்ள இடம் என்பதால் மண்டலங்களுக்குள் வாடகை ஏறியது, சலுகையின் ஒரு பகுதி நில உரிமையாளருக்குப் போனது. பக்கத்துத் தெருவில் இருந்த நிறுவனங்களே எல்லையைத் தாண்டி உள்ளே வந்து சலுகை வாங்கிக்கொண்டதும் உண்டு. நெல்லுக்குப் பாய்ச்சிய நீரைப் புல் குடித்த கதை.

இந்த யோசனையை அமெரிக்காவில் ஏந்திக்கொண்டவர் ஜாக் கெம்ப். பஃபலோ பில்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 1980இல், நியூயார்க்கின் சவுத் பிராங்ஸ் தொகுதியின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ராபர்ட் கார்சியாவோடு சேர்ந்து மசோதா கொண்டுவந்தார். 1989இல் அதிபர் புஷ்ஷின் அமைச்சரவையில் வீட்டுவசதி அமைச்சரானார். குடியரசுக் கட்சியினர் எட்டிப் பார்க்காத, ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்புகளுக்கு அவர் போனார், வாடகைதாரர்களோடு உட்கார்ந்து பேசினார்.

வாஷிங்டனின் கெனில்வொர்த் பார்க்சைட் குடியிருப்பில் கிமி கிரே என்ற பெண்மணி தலைமையில் குடியிருப்போரே 1982இல் நிர்வாகத்தைக் கையில் எடுத்திருந்தார்கள். தம் பகுதிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் இயக்கத்தையும் அவர் முன்பே நடத்திவந்தார். 1990இல் அந்தக் குடியிருப்பையே அவர்களின் அமைப்புக்கு ஒரு டாலருக்குக் கெம்ப் விற்றார். புதுப்பிக்க அரசு செலவிட்ட தொகை மிக அதிகம் என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தம் வீட்டை நிர்வகிக்க ஏழைகளுக்குத் தெரியும் என்று ஓர் அமைச்சர் நம்பியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கெம்பின் மசோதா அவர் பதவியில் இருந்தவரை கூட்டாட்சிச் சட்டமாகவே இல்லை. 1992இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கலவரத்துக்குப் பிறகு வேகம் பிடித்தது, ஆனால் அது சேர்ந்திருந்த வரி மசோதாவைப் புஷ் நிராகரித்தார். 1993இல் கிளின்டன் வேறு பெயரில், வேறு வடிவில் நிறைவேற்றினார். அட்லாண்டா, பால்டிமோர், சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா-கேம்டன் என்று நகர்ப்புறத்தில் ஆறு மண்டலங்கள்.

[திரையில்: பெரிய எழுத்தில் 3,000 டாலர்]

இங்கே இருக்கும் வித்தியாசத்தைக் கவனியுங்கள். இந்தச் சட்டத்தில் முக்கியச் சலுகை, மண்டலத்திலேயே குடியிருந்து மண்டலத்திலேயே வேலை செய்யும் ஒவ்வொரு ஊழியருக்கும் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 3,000 டாலர் வரை வரிக்கழிவு. ஆளை வேலைக்கு எடுத்தால்தான் பணம். காலி மனை வாங்கிப் போட்டால் கிடைக்காது. பின்னாளில் மூன்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தபோது, மண்டலங்களில் வேலை கூடியிருந்தது, உள்ளூர்த் தொழிலாளர் கூலி உயர்ந்திருந்தது, அதற்கு ஈடாக வாடகைச் செலவு ஏறவில்லை. ஆனால் மண்டல நகரங்களுக்கு நேரடி மானியமும் கிடைத்தது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2017இல் வந்த வாய்ப்பு மண்டலச் சட்டம் மறுபடி நிலத்தின் பக்கம் சாய்ந்தது. தென் கரோலினா செனட்டர் டிம் ஸ்காட் முன்னின்று கொண்டுவந்தது. நல்ல நோக்கம், வறுமையில் வளர்ந்தவர் அவர். பங்கு போன்ற சொத்தை விற்ற லாபத்தை, வாய்ப்பு மண்டலங்களாக அறிவிக்கப்பட்ட 8,764 பகுதிகளில் முதலீடு செய்து பத்து ஆண்டு வைத்திருந்தால், அந்த முதலீட்டின் வளர்ச்சிக்கு வரியே இல்லை. பகுதிவாசிகளுக்கு வேலை தர வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் நகர மையமே மண்டலமானது. முதலீட்டில் பெரும்பகுதி கட்டடங்களுக்குப் போனது. புதிய குடியிருப்புகள் எழுந்தன, அது நன்மைதான். ஆனால் தெருமுனையில் கடை வைக்க முயலும் பெண்ணுக்கு இதில் என்ன கிடைத்தது?

[திரையில்: முடிதிருத்தும் நாற்காலி ஒன்று. பிறகு பத்து.]

அப்படி ஒரு பெண்ணைப் பார்ப்போம். டெக்சாஸின் டாலஸ் நகரில் இசிஸ் பிராண்ட்லி ஆப்பிரிக்க முறையில் சடை பின்னுகிறவர். கத்தரி இல்லை, ரசாயனம் இல்லை, விரல்கள்தான் கருவி. அழகுக்கலை உரிமம் இல்லாமல் சடை பின்னினார் என்று 1997இல் போலீஸ் அவரைக் கைது செய்தது. பிறகு மாநிலம் சடைப் பின்னலுக்குத் தனி உரிமம் கொண்டுவந்தது. ஆனால் மற்றவர்களுக்கு உரிமத்துக்காகக் கற்றுக்கொடுக்க அவர் விரும்பியபோது, முடிதிருத்தும் கல்லூரிக்கான விதியைக் காட்டினார்கள். 2,000 சதுர அடி இடம் வேண்டும். சாயும் நாற்காலியோடு பத்து இருக்கைகள் வேண்டும். இரண்டு நாற்காலிக்கு ஒன்று வீதம் தண்ணீர்த் தொட்டி வேண்டும். சடை பின்னுவதற்குத் தொட்டி எதற்கு? 2015இல் கூட்டாட்சி நீதிபதி அந்த விதிகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்றார். அதே ஆண்டு டெக்சாஸ் சட்டமன்றம் சடைப் பின்னலுக்கு உரிமமே தேவையில்லை என்று சட்டம் இயற்றியது.

இதற்கு அரசு ஒரு டாலர்கூடச் செலவழிக்கவில்லை. 1950களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு மாநில உரிமம் தேவைப்பட்டது, இப்போது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தேவை. 2015இல் ஒபாமாவின் வெள்ளை மாளிகையே இதைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. 2019இல் அரிசோனா, வேறு மாநிலத்தில் பெற்ற உரிமத்தைப் பொதுவாக ஏற்கும் முதல் மாநிலமானது. மருத்துவருக்கும் மின் பணியாளருக்கும் உரிமம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சடை பின்னுகிறவரை விட்டுவிடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

[திரையில்: 2027 ஜனவரி 1]

இப்போது நிலவரம் என்ன? 2025இல் நிறைவேறிய பெரிய வரிச் சட்டம் வாய்ப்பு மண்டலங்களை நிரந்தரமாக்கியது. 2027 ஜனவரி 1 முதல் புதிய பட்டியல் நடைமுறைக்கு வரும். எந்தப் பகுதி ஏழைப் பகுதி என்பதற்கான வரம்பு முன்பைவிட இறுக்கப்பட்டிருக்கிறது, இது நல்ல மாற்றம். பள்ளி உதவித்தொகைக்கு நன்கொடை தருகிறவருக்கு 1,700 டாலர் வரை கூட்டாட்சி வரிக்கழிவும் அதே நாளில் தொடங்குகிறது. ஆனால் அந்த உதவித்தொகையை, வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தைப் போல மூன்று மடங்கு வரை சம்பாதிக்கும் குடும்பமும் பெறலாம். வருமான வரம்பைத் தளர்த்துவதைப் பாலி வில்லியம்ஸ் 2014இல் இறக்கும்வரை எதிர்த்தார். ஏழைத் தாய்க்காகக் கொண்டுவந்த திட்டத்தை மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் பக்கமே நானும் நிற்கிறேன்.

கூட்டாட்சிச் சட்டத்தில் வேலை நிபந்தனை இந்த முறையும் சேர்க்கப்படவில்லை. ஆனால் மாநிலங்கள் தங்கள் வருமான வரியில் தரும் கூடுதல் சலுகையை, மண்டலத்தில் குடியிருப்பவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்துக்கு மட்டும் என்று எழுதிக்கொள்ளலாம். அதற்கு வாஷிங்டனின் அனுமதி தேவையில்லை. அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் போதும்.