கூடைக்குள்ள போன், போனுக்குள்ள கூடை இல்ல

(தண்டையார்பேட்டையில் பொங்கலுக்குத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "பெண்ணின் அன்றாட வாழ்க்கைக்குப் பெரிதும் கைகொடுப்பது ஆயாவின் கைப்பக்குவமா, கைப்பேசியின் வழிகாட்டலா?" ஆயா அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் ஐயாவுக்கும், மேடையில இருக்குற பெரியவங்களுக்கும், பனியில குந்தினு இருக்குற என் ஜனத்துக்கும் வணக்கம். எட்டு நிமிஷம் குடுத்திருக்காங்க. பேர் சொல்லி வணக்கம் வைக்க ஆரம்பிச்சா அதுலயே மணி அடிச்சிடும். விட்டுப்போனவங்க வீட்டுக்கு நாளைக்கு வந்து வச்சிடறேன்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தம்பி இன்னா சொன்னாரு? "அக்கா மேடை ஏறும்போது கையில வயர் கூடை. ஆயா பின்னினதாம். எட்டிப் பாத்தேன், உள்ள இருந்தது செல்போன்! அக்கா வாதம் அங்கயே முடிஞ்சிடுச்சு" அப்படின்னாரு. நீங்களும் கை தட்டினீங்க. ஏம்மா முன்வரிசை, நீயும்தான் தட்டின, நான் பாத்தேன். ஒரே குழாயில தண்ணி புடிக்கிறோம், இப்படிப் பண்ணலாமா?

தம்பி, ஆமா. கூடைக்குள்ள போன் இருக்கு. மறைக்கல. இதோ எடுத்தே காட்டறேன். இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். இந்தக் கூடைக்குள்ள என் போனைப் போட்டுட்டேன். உங்க போனுக்குள்ள ஒரு கூடையைப் போட்டுக் காட்டுங்க பாக்கலாம்!

(கைதட்டல்)

எது எதைச் சுமக்குதுன்னு நடுவர் ஐயா குறிச்சிக்கணும். அப்புறம், எட்டிப் பாத்தவரு முழுசாப் பாக்கல. அதுக்குள்ள ரேஷன் கார்டு இருக்கு, மூக்குக் கண்ணாடி இருக்கு, பேரனுக்கு வாங்கின கமர்கட்டு இருக்கு, காசிமேட்டுல வாங்கின நெத்திலி இருக்கு. என் போன்ல பேசினா மீன் வாசனை அடிக்குதுன்னு என் சம்பந்தி சொல்றதுக்குக் காரணமே அதான்.

இந்தக் கூடையைப் பத்தி ஒரு கதை சொல்லியே ஆகணும். என் அக்கா பொண்ணு, காலேஜ் படிக்கிறா. "சித்தி, ஆயா மாதிரி நானும் கூடை பின்றேன்"னா. சந்தோஷம், போய் ஆயா பக்கத்துல குந்துன்னேன். "அதெல்லாம் வேணாம், வீடியோ இருக்கு"ன்னுட்டா. போனைச் சொம்புல சாச்சி வச்சா. வயரை வெட்டினா. ஆரம்பிச்சா.

வீடியோல ஒரு அம்மா பேசுது. "இந்த வயரை இப்படி எடுத்து, இப்படி மடிச்சு, இப்படி விட்டு, இப்படி இழுத்தா முடிச்சு ரெடி." எப்படி? இப்படி! முடிச்சு விழற இடத்துல அந்த அம்மாவோட பெருவிரல் மறைச்சினு இருக்கு. இவ போனைத் திருப்பிப் பாக்கறா. போனுக்குப் பின்பக்கம் போய்ப் பாக்கறா. விரலுக்குப் பின்னாடி இன்னா நடக்குதுன்னு தெரியுமாம்!

சரின்னு நிறுத்தி நிறுத்திப் பாக்கறா. முடிச்சு விழற நேரம் பாத்து விளம்பரம். "உங்களுக்கு உடனடிக் கடன் வேண்டுமா?" வயர் நாலும் கையில, பல்லுல ஒண்ணு, கடன் வேணுமான்னு கேக்குது. மூக்கால தள்ளினா. ஐயா, மூக்கால தள்ளினதுல விளம்பரம் போகல, கடன் பக்கம் தொறந்துக்கிச்சு. அவனுங்க இன்னிக்கு வரைக்கும் அவளுக்குப் போன் பண்றானுங்க.

அதுக்கு மேல ஒண்ணு. அந்த அம்மா முன்பக்க கேமராவுல எடுத்திருக்கு. அதுல வலது இடதாவும் இடது வலதாவும் தெரியும் இல்லையா? நம்ம பொண்ணு பாத்தபடியே பின்றா. பாதி வீடியோ பின்பக்க கேமரா, பாதி முன்பக்க கேமரா. பாதி முடிச்சு வலது பக்கம் திரும்புது, பாதி இடது பக்கம் திரும்புது. கூடை ஒரு பக்கம் மேல ஏறுது, ஒரு பக்கம் கீழ எறங்குது. கடைசியில கைப்பிடி வச்சு ஆயா முன்னாடி கொண்டாந்து வச்சா. ஆயா கண்ணாடியைப் போட்டுனு பாத்துச்சு. கழட்டிட்டுப் பாத்துச்சு. "நல்லாக்கீது கண்ணு. எலி உள்ள பூந்தா மூடிக்குமா?"ன்னுச்சு.

பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம், மறுபடி சொல்லச் சொல்றாங்க. நடுவர் ஐயா நேரத்தைக் கழிக்கக் கூடாது, மக்கள் கேக்கறாங்க. கூடைன்னு நெனச்சுக் கொண்டாந்து வச்சா, எலிப்பொறியான்னு கேட்டுச்சு! அந்தப் பொண்ணு அழுதுச்சு. ஆயா சிரிக்கல. அந்தக் கூடையைத் தடவிப் பாத்துச்சு. பாக்கக் கூட இல்ல, தடவிச்சு. அடி வரிசையில ஒரு முடிச்சுல விரல் நின்னுச்சு. "இங்க திரும்பிக்கிச்சு. இத விட்டுட்டு மேல மேல ஏறுன, இன்னா ஏறியும் கோணல்தான்." எவ்ளோ பெரிய கூடை, அவ்ளோ முடிச்சுல அந்த ஒண்ணு! "வயரு புதுசு, வெறப்பாக்கீது. வெயில்ல போட்டு எடுத்தா எளகும், அப்புறம் பின்னு. இத ஒருத்தரும் சொல்லலியா?" வீடியோ சொல்லல ஐயா. வீடியோ எடுத்தவங்க வீட்டுல ஏசி போல.

தம்பி, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண், பிஸ்கட் முடிச்சு, எல்லாத்துக்கும் உங்க போன்ல வீடியோ இருக்கு, ஒத்துக்கறேன். எங்க தப்புனதுன்னு சொல்ற விரல் இருக்கா?

அப்புறம் இன்னொண்ணு சொன்னாரு, ஆயா பேச்செல்லாம் மூடநம்பிக்கை, பூனை குறுக்க போனா திரும்பி வருவாங்கன்னு. தம்பி எந்த ஊர்? அண்ணா நகர். அங்க சொல்லியிருப்பாங்க. எங்க காசிமேட்டுல பூனை குறுக்க போகலன்னாதான் பயப்படுவோம், இன்னிக்கு மீன் வரலையோன்னு! நான் எல்லாத்துக்கும் வக்காலத்து வாங்க வரல. தும்மல், பல்லி, பூனை எல்லாம் நீங்களே வச்சிக்கோங்க. செவுளைத் தூக்கிப் பாரு, ரத்தச் செவப்பா இருக்கணும். கண்ணு குழி விழுந்திருக்கக் கூடாது. விரலால அழுத்தினா பள்ளம் நிக்கக் கூடாது. இத எனக்குச் சொன்னது ஆயா. போன்ல மீன் ஆர்டர் பண்றீங்க, படத்துல எல்லா வஞ்சிரமும் கல்யாணப் பொண்ணு மாதிரி மின்னுது. படத்தோட செவுளைத் தூக்குவீங்களா? வாடைக் காத்து அடிச்சா இன்னிக்கு கருவாடு காயப் போடலாமா, கச்சான் காத்து அடிச்சா கரை எப்படி இருக்கும், பால் குடுக்குற பொண்ணுக்கு எதுக்கு சுறாப்புட்டு, இதெல்லாம் கேட்டு எழுதி வச்ச பாடம் இல்ல. ஏப்ரல் நடுவுல ஆரம்பிச்சு 61 நாள் மீன்பிடித் தடை வருதே, அப்ப அடுப்பு எரியறது அந்தக் கருவாட்டுப் பானையை நம்பித்தான்.

"பாட்டி வைத்தியம் பேசறவங்க கடைசியில ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடறாங்க"ன்னும் ஒரு குத்து குத்தினாரு. ஆமா, ஓடணும்! ஆயா புள்ளைக்கு வசம்பு உரசும், வயிறு உப்பினா ஓமத் தண்ணி குடுக்கும். புள்ள சொணங்கிப் படுத்தா? "எத்துடி புள்ளைய, கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்கு"ன்னு அதுதான் முதல்ல எழுந்து நிக்கும். ஸ்டான்லியை நம்ம ஜனம் அப்படித்தானே சொல்லும். எது வரைக்கும் கஷாயம், எங்க இருந்து டாக்டருன்னு தெரிஞ்சு வச்சிருந்துச்சே, அதுவும் கைப்பக்குவம்தான். உங்க போன்ல தலைவலின்னு தட்டிப் பாருங்க. அஞ்சாவது வரியில மூளையில கட்டின்னு வரும். தலைவலி போயிடும், தூக்கம் போயிடும்.

தம்பி கையைத் தூக்கறாரு. இல்ல தம்பி, உங்க முறை முடிஞ்சிடுச்சு. நான் இன்னும் கூடையை விட்டு எறங்கல. எதிரணிக்கு நான் பதில் சொல்ல வேண்டிய குறிப்பு நாலு எழுதி வச்சிருந்தேன், அதுவும் கூடைக்குள்ளதான் கெடக்கு, நெத்திலித் தண்ணி பட்டு அழிஞ்சிடுச்சு. போகட்டும்.

எங்க தாத்தா பின்னி மில்லுல வேலை பாத்தவரு. பெரம்பூர்ல அப்ப வீட்டுக்கு வீடு கடிகாரம் தேவையில்ல, மில்லு சங்கு ஊதினா ஒலை வைக்கணும், அடுத்த சங்குக்கு சோத்துத் தூக்கு ரெடியா இருக்கணும். காக்கித் துணிக்குப் பேர் போன மில்லு. 1918-ல மெட்ராஸ் லேபர் யூனியன் பொறந்ததே அந்த மில்லு ஜனத்தை வச்சுத்தான். அப்பேர்ப்பட்ட மில்லு, 1996-ல மூடிட்டாங்க. தாத்தா திண்ணையில குந்தினாரு. சங்கு ஊதாத நேரத்துக்குக் கூட எழுந்து சட்டை போட்டுனு நிப்பாரு. என் ஆயா ஒரு வார்த்தை கேக்கல. அந்த வாரமே வயர் வாங்கியாந்து கூடை பின்ன ஆரம்பிச்சுது. பகல்ல எம்.சி. ரோட்டுக் கடைக்கு ஜாக்கெட் கொக்கி கட்டும், சாயங்காலம் பூ கட்டும், ராத்திரி கூடை. எங்க அக்கா கல்யாணக் கடன் அடைஞ்சது அதுல. எனக்கு ஸ்கூல் பீஸ் அதுல. ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர்னு தாத்தா பேருதான் இருந்துச்சு. அது அப்படியே இருக்கட்டும்னு ஆயாவே சொல்லிச்சு, மனுஷன் மனசு ஒடஞ்சிடுமாம்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். நான் வெவரம் சொல்ல வேணாம், இங்க இருக்குற ஒவ்வொரு வீட்டுச் சுவத்துலயும் தண்ணி நின்ன கோடு இருக்கும். கரண்ட் இல்ல. டவர் இல்ல. போன் எல்லாம் கல்லு. தம்பி, அண்ணா நகர்ல உங்க போன் நனைஞ்சா எங்க வைப்பீங்க? சொல்லுங்க. அரிசியில! நனைஞ்ச போனை அரிசிப் பானையில பொதைச்சி வச்சீங்களா இல்லையா? செல்போனுக்கே வைத்தியம் சமையல்கட்டுலதான்யா நடக்குது!

(சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

சிரிச்சாச்சு. ஆனா அன்னிக்கு சிரிப்பு வரல. எங்க ஹவுசிங் போர்டுல கீழ்வீட்டு ஜனமெல்லாம் மாடிக்கு வந்துடுச்சு. எதிர்வீட்டுல கைப்புள்ள. பால் எங்கயும் கெடைக்கல. நம்ம பசங்க இடுப்பளவுத் தண்ணியில எங்கெங்கயோ அலைஞ்சு பால் பாக்கெட் கொண்டாந்தானுங்க, படிக்கட்டுப் பக்கம் கரண்ட் ஒயர் அறுந்து கெடக்கு, ஏற வேணாம்னு எல்லாரும் கத்தறோம். ஆயா பழைய நைலக்ஸ் புடவையை முறுக்கி, இந்தக் கூடையோட கைப்பிடியில கட்டி, ரெண்டாவது மாடியில இருந்து எறக்கிச்சு. துணிப் பைன்னா ஊறிப் போயிருக்கும். கவருன்னா அறுந்திருக்கும். கூடை தண்ணியில முங்கி, தண்ணியை அங்கயே வடிச்சிட்டு, பாலோட மேல வந்துச்சு. எத்தினி வாட்டி எறக்கி ஏத்துச்சுன்னு யாரும் எண்ணல. கை தோல் உரிஞ்சிருந்ததை மறுநாள்தான் பாத்தோம்.

அன்னிக்கு ராத்திரி ஒரே இருட்டு. மெழுகுவத்தியும் தீந்துடுச்சு. புள்ளைங்க பயந்து அழுவுது. என் அக்கா பொண்ணு, அதான் எலிப்பொறி, அவ பயத்துல ஆயாவை ஒட்டினு இருக்கா. ஆயா மூலையில இருந்த வயரை எடுத்து அவ கையில குடுத்துச்சு. "கண்ணு தெரிலன்னா இன்னா? விரலு தெரிதுல்ல? குடு கைய"ன்னு அவ விரல் மேல தன் விரலை வச்சு, ஒவ்வொரு முடிச்சா போட வச்சுது. பாட்டு மாதிரி சொல்லினே இருந்துச்சு, மேல எடு, உள்ள வுடு, இஸ்து கட்டு. அழுதுனு இருந்த சின்னப் புள்ளைங்க கூட அதைச் சொல்லினே தூங்கிடுச்சுங்க. விடிஞ்சப்ப பாக்கறோம், அடி வரிசை முழுசா முடிஞ்சிருக்கு. ஒரு முடிச்சு திரும்பல ஐயா. ஒண்ணு கூட திரும்பல.

மணி அடிக்கிறாங்க, தெரியுது. ஒரு நிமிஷம். இன்னிக்கு அந்த ஆயா இங்கதான் இருக்கு. அதோ, ஒலிபெருக்கிப் பொட்டி பக்கத்துல, பச்ச நாற்காலி. எழுந்திரிக்காத ஆயா, முட்டி வலிக்கும், குந்து! எல்லாரும் திரும்பிப் பாருங்க. பட்டிமன்றம் கேக்க வந்த எடத்துலயும் கை சும்மா இல்ல, மடியில பூ கட்டினு இருக்கு. தம்பி, நீங்களும் பாருங்க. பக்கத்துல குந்தினு அதுக்கு நூல் எடுத்துக் குடுக்குதே ஒரு பொண்ணு, அதான் எலிப்பொறி.

நடுவர் ஐயா, கைப்பேசின்னு தீர்ப்பு சொல்லணும்னா தாராளமா சொல்லுங்க. ஆனா என்னைப் பாத்துச் சொல்லாதீங்க, அந்தப் பச்ச நாற்காலியைப் பாத்துச் சொல்லுங்க. வணக்கம்!