நடுவரின் ஐந்து விரல்கள்

[காட்சி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் காற்பந்துத் திடல். ஒரு ஓரம் செம்பனை, மறு ஓரம் கோயில். ஞாயிறு மாலை.]

ஆட்டம் முடிய நான்கு நிமிடம்தான் இருக்கிறது. ஒரு கோல் முன்னணியில் இருக்கும் குழுவின் கோல்கீப்பர் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி குப்புற விழுகிறார். மெல்ல எழுகிறார். தன் ஆட்களை முன்னே போகச் சொல்லிக் கை காட்டுகிறார். கோயில் பக்கமிருந்து "தூக்கி அடிடா!" என்று சத்தம். நடுவர் விசிலை உதடுவரை கொண்டுபோகிறார், ஊதவில்லை.

அவரைக் கோழை என்று திட்டாதீர்கள். இது பழைய விதிக் காலத்து ஆட்டம், அந்த விதி அப்படி. 2000-ஆம் ஆண்டிலிருந்து கோல்கீப்பர் 6 நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது. மீறினால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (உதைத்த பந்தை இன்னொருவர் தொட்ட பிறகே கோலாகும்), அதுவும் கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள்ளேயே! சின்னத் தப்புக்கு அவ்வளவு பெரிய தண்டனை கொடுக்க எந்த நடுவருக்கும் மனசு வராது. பெரிய ஸ்டேடியங்களிலும் இதே கதைதான். விதி புத்தகத்தில் இருந்தது, திடலில் இல்லை.

[காட்சி: நடுவரின் உயர்த்திய கை, அருகில்.]

காற்பந்து விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி 2025-இல் இதை மாற்றியது. இப்போது 8 நொடி. மீறினால் எதிரணிக்குக் கார்னர், அதாவது திடலின் மூலையிலிருந்து ஓர் உதை. கடைசி 5 நொடியை நடுவர் கையை உயர்த்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணிக் காட்டுகிறார். பந்து கோல்கீப்பரின் கைக்குள் முழுசாக வந்த பிறகுதான் கணக்கு தொடங்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த விரல்கள்தான். நம் திடலில் வீடியோ நடுவர் இல்லை, நான்காவது நடுவர் இல்லை. பல ஞாயிறுகளில் லைன்ஸ்மேன்கூட இல்லை. முன்பு எண்ணிக்கை நடுவரின் மண்டைக்குள் நடந்தது. ஊதினால், "எங்கே ஆறு நொடி ஆச்சு?" என்று சண்டைக்கு வருவார்கள். இப்போது கோயில் படியில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் அவரோடு சேர்ந்து எண்ணலாம். தண்டனை அளவாக இருப்பதால் நடுவருக்கும் ஊதத் துணிவு வருகிறது.

2019-இல் வந்த மாற்றமும் நமக்கு உதவியது. அதுவரை பந்து நடுவர்மேல் பட்டால் கோல்கம்பத்தில் பட்டது மாதிரி, ஆட்டம் தொடரும். இப்போது அப்படிப் பட்டு கோலுக்குள் போனாலோ, பந்து எதிரணிக்கு மாறினாலோ, நல்லதொரு தாக்குதல் தொடங்கினாலோ நிறுத்திவிட்டு டிராப் பால், அதாவது நடுவர் பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்குவார். அதே ஆண்டில்தான் கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் பயிற்சியாளருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம் என்று ஆனது.

பந்து கையில் படும் 'ஹேண்ட்பால்' விதி மட்டும் இன்னும் சிரமம்தான். கை உடம்பை இயல்புக்கு மீறிப் பெரிதாக்கியதா என்று பார்க்க வேண்டும். மழை பெய்து சேறான திடலில், வழுக்கி விழுகிறவன் கையை எங்கே வைப்பான்? அதைத் தனி ஆளாக, ஒரே பார்வையில், மறுபடி போட்டுப் பார்க்காமல் முடிவு செய்கிறார் நம் நடுவர். அவருக்கு ஒரு நொடி அவகாசம் கொடுங்கள். கேள்வி இருந்தால் கேப்டன் மட்டும் போய்க் கேட்கட்டும். பெரிய போட்டிகளில் இப்போது அப்படித்தான் நடக்கிறது.

அப்புறம், அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு முன்னால் உங்கள் கோல்கீப்பரிடம் சொல்லிவிடுங்கள்: நடுவர் கை மேலே போனால், இன்னும் ஐந்தே நொடி.