பழைய இத்தாலி காபி மெஷின முழுசா பிரிச்சு மாட்டுதோம் | லா பவோனி யூரோபிக்கோலா

வணக்கம் மக்களே. இன்னைக்கு நம்ம டேபிள்ல இருக்கது ஒரு லா பவோனி யூரோபிக்கோலா. மிலான் கம்பெனி, 1905ல ஆரம்பிச்சது, இந்த மாடல் 1961ல வந்துச்சு, வீட்டு அடுக்களைக்குன்னே செஞ்ச லிவர் மெஷின், அதாவது நீளக் கைப்பிடிய அழுத்தி காபி இறக்குதது. பாளையங்கோட்டைல நம்ம சேனல் பாக்க ஒரு அண்ணாச்சி குடுத்துவிட்டாவ, அவங்க அப்பா கப்பல்ல வேலை பாத்தப்ப வாங்கிட்டு வந்தது, ரொம்ப வருஷமா பரண்லயே கெடந்துருக்கு. "தம்பி, பாலிஷ் மட்டும் போட்டுத் தாங்க, ஷோகேஸ்ல வச்சிருக்கேன்"னாவ. இதுல காபி போட்டுக் குடிக்கலாம் அண்ணாச்சி, எல்லாத்தையும் பிரிச்சு சரி பண்ணித் தாரேன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னா, இந்த மாதிரி மெஷின்ல பித்தளை லேசுல கெட்டுப்போகாது மக்களே. கெடுறது ரப்பரு, அடைக்கது உப்பு, இது ரெண்டுதான். அத ரெண்டையும் பாக்காம வெளிய மட்டும் பளபளன்னு ஆக்கி வச்சா, என்னைக்காச்சும் வீட்டுல ஒரு பிள்ள அத பிளக்குல சொருகிரும், உள்ள பிரஷர் ஏறிரும், வால்வு அடைச்சிருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால பாலிஷ் கடைசிலதான்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல சொல்லிருதேன். கல்யாண வீட்டுல பால நுரைய வைக்க மெஷின் பாத்திருப்பீங்கல்லா, அது வெறும் ஆவி. இத்தாலிலயும் ஆரம்பத்துல ஆவிதான், 1901ல பெஸ்ஸெரான்னு ஒருத்தர் பேட்டண்ட் வாங்குன மெஷின், அத பவோனி வாங்கித்தான் கம்பெனியே தொடங்குச்சு. ஆனா ஆவிய மட்டும் வச்சு பெருசா பிரஷர் வராது. 1940கள் கடைசில கஜ்ஜியான்னு இன்னொருத்தர் லிவர் வச்ச மெஷின் கொண்டுவந்தாரு, அதுல உள்ள ஸ்பிரிங்கு தண்ணிய அமுக்கும், அப்பதான் காபி மேல அந்தப் பொன் நிற நுரை, கிரேமா, வந்துச்சு. நம்ம டேபிள்ல இருக்கதுல ஸ்பிரிங்கே கிடையாது, உங்க கைதான் ஸ்பிரிங்கு. லிவர தூக்குனா பிஸ்டன் மேல போகும், பக்கத்துல உள்ள ஓட்டை திறந்து பாய்லர் தண்ணி காபித்தூள் மேல இறங்கும், சில செகண்டு ஊற விட்டு அப்படியே கீழ அழுத்தணும், பாய்லர்ல பிரஷர் 1 பாருக்கும் (பார்னா பிரஷர் அளவு) கீழதான் இருக்கு, ஆனா நீங்க அழுத்துறப்ப தூள் மேல 6லேருந்து 9 பார் வரைக்கும் போகும். இவ்ளோ சின்ன சாமான்ல இத யோசிச்சு செஞ்சிருக்கான் பாருங்க, எனக்கு இத எத்தன தடவ பாத்தாலும் ஆசையா இருக்கு.

சரி பிரிப்போம். பிளக்க உருவியாச்சு, தண்ணி வடிச்சாச்சு. இந்த மேல் மூடி இருக்குல்லா, சூடா இருக்கப்ப எக்காரணம் கொண்டும் இத திருகக் கூடாது, ஆவிக்குழாயத் திறந்து பிரஷர் பூரா போன பொறவுதான் மூடி. லிவர்ல ரெண்டு பின்னு, ஓரத்துல கிளிப்பு, அத எடுத்தா லிவர் கையோட வந்துரும். குரூப்புன்னு சொல்லுவோம் இந்த முன்னால தொங்குத பாகம், ரெண்டு போல்ட்டுலதான் பாய்லரோட நிக்கி. ஒரு போல்ட்டு வந்துட்டு, இன்னொண்ணு, இந்தா பாருங்க, சவம் அசைய மாட்டேங்கு. இங்கன பலத்தப் போட்டா பித்தளை மரை போயிரும், அதனால துரு இளக்க எண்ணெய விட்டு அப்படியே வச்சிட்டு சாய்ங்காலம் வந்தேன், கொஞ்சம் ஹேர் டிரையர்ல சூடு காட்டுனதும் வந்துட்டு.

இப்ப பிஸ்டன் சீல பாருங்க. வளைஞ்சு குடுக்க வேண்டிய ரப்பரு, நகத்தால அமுக்குனா பிளாஸ்டிக் மாதிரி டக்குன்னு உடையுது. சுத்தி முன்னாடி யாரோ ஏதோ பசைய அப்பி வச்சிருக்காங்க, தண்ணி கசிஞ்சிருக்கும் போல. பசை வேண்டவே வேண்டாம் மக்களே, குடிக்க தண்ணி போற பாதை இது.

புது சீலுக்கு வருவோம். ஜங்ஷன் பக்கம் ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம் விக்க கடைல போயி சைஸ் மட்டும் சொல்லிக் கேட்டா அநேகமா நைட்ரைல் ரப்பருதான் எடுத்துத் தருவாங்க, அது எண்ணெய்க்கு நல்லது, ஆவிச் சூட்டுக்கு சீக்கிரம் இறுகிரும். இபிடிஎம்னு ஒரு ரப்பர் வகை, இல்லன்னா சிலிக்கான், அதுவும் உணவுக்கு ஆவுற தரம்னு கேட்டு வாங்குங்க. பிஸ்டன் சீல் மட்டும் இந்த மாடலுக்குன்னே வாரது, ஆன்லைன்ல வரவழைச்சேன். காபித்தூள் போடுத கூடையும் அப்படித்தான், பழைய குரூப்புக்கு 49 மில்லிமீட்டர், 2000க்குப் பொறவு வந்ததுக்கு 51, பாத்து வாங்கணும். மாட்டுறதுலயும் ஒரு முறை இருக்கு. பிஸ்டன்ல உள்ள ரெண்டு சீலுக்கும் ஒரு பக்கம் வாய் திறந்தாப்ல இருக்குல்லா, மேல உள்ளது வாய் மேல பாக்கணும், கீழ உள்ளது வாய் கீழ பாக்கணும். ஏன்னா பிஸ்டனுக்கு மேல பாய்லர் தண்ணி, கீழ காபி, ரெண்டும் அதது பக்கத்துலேருந்து தள்ளும், தள்ளத் தள்ள அந்த வாய் விரிஞ்சு சுவத்தோட ஒட்டும். திருப்பிப் போட்டா எவ்ளோ அழுத்துனாலும் ஒழுகத்தான் செய்யும். தடவ உணவு தர சிலிக்கான் கிரீஸ். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சூட்டுல காறிப்போயி காபில வாடை அடிக்கும்.

பாய்லர் உள்ள டார்ச் அடிச்சுக் காட்டுதேன். ஒரே சுண்ணாம்பு, தண்ணிய சூடாக்குத காயில் மேல பூரா தோலு மாதிரி படிஞ்சு கெடக்கு. இது போர் தண்ணி செஞ்ச வேலை. நம்ம ஆத்துத் தண்ணில இவ்ளோ உப்பு வராது, தாமிரபரணி தண்ணி குழாய்ல வாரவங்க அதையே ஊத்துங்க. எடுக்கதுக்கு சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடைல லெமன் சால்ட்டுன்னு கேட்டா கிடைக்கும், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 20, 30 கிராம், ஒரு அரைமணி நேரம், பொறவு கொட்டிட்டு திரும்பவும். ராத்திரி பூரா ஊற வச்சிராதீங்க, பித்தளைல உள்ள துத்தநாகத்த ஆசிட் தின்னுரும், அந்த எடம் செவந்து பொக்கா போயிரும். முடிச்சதும் நல்ல தண்ணிய நெறைய தடவ ஊத்தி ஊத்திக் கொட்டணும். சேஃப்டி வால்வ தனியா கழட்டி அதே தண்ணில போட்டு, உள்ள அது லேசா ஏறி இறங்குதான்னு பாத்துக்கிட்டேன், இந்த மெஷின்ல உயிரக் காக்கது அதுதான்.

கரண்டு. பழைய வயரு பூரா வெடிச்சுப் போயிருக்கு, அத அப்படியே தூக்கிப் போட்டாச்சு, எர்த்தோட மூணு பின்னு புது வயரு. கைய வைக்க சாமான் எல்லாம் உலோகம், உள்ள தண்ணி, எர்த்து இல்லாம இத போடவே கூடாது. 1000 வாட்டு காயில் 220 வோல்ட்டுக்குன்னா மீட்டர்ல 48 ஓம் பக்கம் காட்டணும், நமக்கு சரியா இருக்கு. காயிலுக்கும் பாடிக்கும் நடுவுல கரண்டு கசிவு இருக்கான்னு மெக்கர், அதாவது கசிவு பாக்க மீட்டர் வச்சுப் பாத்தாச்சு, மெக்கர் இல்லாதவங்க மோட்டார் காயில் கட்டுதவர்ட்ட கொண்டு போங்க, அவரு பாத்துச் சொல்லிருவாரு. இன்னொண்ணு, சில பழைய மெஷின்ல வயரு உறையும் கேஸ்கட்டும் அஸ்பெஸ்டாஸா இருக்கும், சந்தேகமா இருந்தா சுரண்டாதீங்க, நனைச்சு, மாஸ்க் போட்டு எடுத்து, கவர்ல கட்டிருங்க.

மாட்டுன பொறவு உடனே சூடு ஏத்தல. பாய்லர் நெறய பச்சத் தண்ணி, காத்தே இல்லாம, வயக்காட்டுல மருந்தடிக்க கைப்பம்புல ஒரு இணைப்பு போட்டு கொஞ்சம் பிரஷர் ஏத்திப் பாத்தேன். காத்த அடைச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, காத்து சுருங்கி நிக்கும், விட்டா வெடிக்கும், தண்ணி அப்படி சுருங்காது, எங்கயாச்சும் கசிஞ்சா சும்மா சொட்டும். நமக்கு தண்ணி மட்டம் காட்டுத கண்ணாடிக் குழாய் அடில மட்டும் சொட்டுச்சு, லேத்துப் பட்டறைல டெஃப்லான்ல ஒரு வாஷர் கடைஞ்சு வாங்கிப் போட்டதும் நின்னுட்டு.

இப்ப சூடு. இந்த பழைய மாடல்ல தானா நிக்க பிரஷர் சுவிட்ச் கிடையாது, சுவிட்ச் ரெண்டு நிலை, பெருசுல போட்டு ஏத்தி, வால்வு உஸ்ஸுன்னதும் சின்னதுக்கு மாத்தணும். கண்ணாடில தண்ணி மட்டத்த பாத்துக்கிட்டே இருக்கணும், காயில் வெளிய தெரிய விட்டா கருகிரும். காபி, சிக்கரி இல்லாத பீபரி, அதாவது உருண்டைக் கொட்டை, ஃபில்டருக்கு அரைக்கத விட நல்லா நைஸா.

லிவர் தூக்குதேன்... ஊறுது... இப்ப அழுத்துதேன். கைக்கு நல்ல கனம் குடுக்கு, சீல் பிடிச்சிருக்கு. இந்தா விழுது பாருங்க, நூலு மாதிரி, தேன் நிறத்துல. குடிச்சுப் பாக்கேன். லேசா புளிப்பு, அடில நல்ல கசப்பு, அருமையா இருக்கு. ரெண்டு மூணு கப்புக்கு மேல தொடர்ந்து போட்டா குரூப் சூடேறி காபி தீஞ்ச ருசி வரும், நம்ம ஊரு வெயிலுக்கு இன்னும் சீக்கிரமே, அப்ப ஆஃப் பண்ணிட்டு குரூப் மேல ஈரத்துணி போட்டு ஆற விடுங்க.

குரோம் அங்கங்க உரிஞ்சிருக்கு, அத நான் தொடல. திரும்ப பூசணும்னா அண்ணாச்சி கேக்கட்டும், அது தனி வேலை. நான் இன்னொரு கப்பு போடப் போறேன்.