கருவியைத் தவறவிட்டு மனிதனைப் பிடித்த கதைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அறிவியல் புனைகதைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு பெருமைப் பட்டியல் தவறாமல் வாசிக்கப்படும். நிலவுப் பயணத்தை ஜூல்ஸ் வெர்ன் 1865-லேயே எழுதிவிட்டார் என்பது அதில் முதல் வரி. அவர் கதையில் மூன்று பேர் ஃபுளோரிடாவிலிருந்து புறப்படுகிறார்கள். 1969-இல் அப்போலோ 11 மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் அங்கிருந்துதான். ஆனால் வெர்ன் தம் பயணிகளை அனுப்பியது ஒரு மாபெரும் பீரங்கியில். அப்படிச் சுட்டிருந்தால் குழாயை விட்டு வெளியே வருவதற்குள் மூவரும் நசுங்கிப் போயிருப்பார்கள். பலித்ததை மட்டும் எண்ணிக்கொண்டு பலிக்காததை மறந்துவிடுவது சோதிடம் கேட்பவர்களின் வழக்கம். இலக்கியத்துக்கு அந்த மரியாதை தேவையில்லை. கருவிகளை ஊகிப்பதில் இந்த எழுத்தாளர்கள் பலமுறை கோட்டைவிட்டிருக்கிறார்கள். கருவி கைக்கு வந்த பிறகு மனிதர்கள் எப்படி மாறுவார்கள் என்பதை ஊகிப்பதில்தான் அவர்களுடைய கூர்மை தெரிகிறது.

எச். ஜி. வெல்ஸ் 1914-இல் வெளியிட்ட நாவலில் அணுகுண்டு என்ற பெயரே வருகிறது. அந்தக் குண்டு விமானத்திலிருந்து கையால் எடுத்துப் போடப்படுகிறது. விழுந்த பிறகும் ஓயாமல் வெடித்துக்கொண்டே கிடக்கிறது. இயற்பியல்படி இது தவறு. ஆனால், பாதி நகரத்தை அழிக்கும் ஆற்றலை ஒரு மனிதன் கைப்பையில் தூக்கிச் செல்லக்கூடிய நிலை வந்த பின்னும் அரசுகள் பழைய போர்ப் பழக்கங்களை விடமாட்டா என்று அவர் கண்டதில் தவறில்லை.

அந்த நாவலை 1932-இல் படித்தவர்களில் ஒருவர் இயற்பியலாளர் லியோ சிலார்ட். அடுத்த ஆண்டே லண்டனில் அவருக்கு அணுக்கருத் தொடர்வினை, அதாவது ஓர் அணுக்கருவின் வினை அடுத்தடுத்த அணுக்கருக்களிலும் வினையைத் தூண்டிக்கொண்டே போவது, பற்றிய எண்ணம் உதித்தது. 1934-இல் அதற்குக் காப்புரிமை கோரிய அவர், விவரம் வெளியே கசியாமலிருக்கப் பின்னர் அதைப் பிரிட்டிஷ் கடற்படைத் துறையிடம் ஒப்படைத்தார். வெல்ஸைப் படித்திருந்ததால்தான் விளைவு என்னவாகும் என்று தமக்குத் தெரிந்திருந்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். அதே சிலார்ட், ஜெர்மனி முந்திக்கொள்ளுமோ என்ற அச்சத்தில், அணு ஆராய்ச்சியை விரைவுபடுத்தக் கோரி ஐன்ஸ்டைன் கையெழுத்திட்ட 1939-ஆம் ஆண்டுக் கடிதம் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குப் போகக் காரணமாக இருந்தார். 1945 ஜூலையில், நிபந்தனைகளைப் பகிரங்கமாக அறிவித்துச் சரணடைய வாய்ப்பளிக்காமல் ஜப்பான் மீது குண்டைப் பயன்படுத்தக் கூடாது என்று சக அறிவியலாளர்களிடம் கையெழுத்து வாங்கியவரும் அவர்தான். ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. எச்சரிக்கையை முழுமையாக உள்வாங்கிய ஒருவரே அந்தப் பொருள் உருவாகக் காரணமானார் என்பதை, கதைகள் நம்மைக் காப்பாற்றும் என்று எளிதாகச் சொல்பவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஐசக் அசிமோவ் 1942-இல் எழுதிவைத்த ரோபோ விதிகள் மூன்றும் இப்படித்தான் தவறாகப் படிக்கப்படுகின்றன: ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது, மனிதர் சொல்வதைக் கேட்க வேண்டும், தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும்; முந்தைய விதியே பிந்தையதைவிட மேலானது. அவற்றைப் பாதுகாப்புக்கான ஆயத்த வரைவு போல மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அவருடைய ரோபோ கதைகளில் பலவும் அந்த விதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சிக்கலில் முடிவதைப் பற்றியவை. நம் மொழியில் சுஜாதா 1980-களில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில், மக்கள் கண்டு பயபக்தியோடு அடிபணியும் தலைவர் ஜீவா வெறும் ஒளிப்பிம்பம். பொய்க் காணொளிகள் பெருகிவிட்ட இன்று அந்தத் திருப்பம் பழைய வியப்பைத் தருவதில்லை.

நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புவது இரண்டு கதைகளைப் பற்றி. முதலாவது, ஈ. எம். ஃபார்ஸ்டர் 1909-இல் எழுதியது. மனிதர்கள் நிலத்தடியில் ஆளுக்கோர் அறையில் வாழ்கிறார்கள். உணவும் இசையும் உரையாடலும் பொத்தானை அழுத்தினால் கிடைக்கின்றன. உலகின் மறுகோடியில் இருக்கும் மகன் தாயின் கையிலுள்ள வட்டத் தகட்டில் தெரிகிறான். தகட்டில் உன்னைப் போல ஏதோ தெரிகிறது, ஆனால் உன்னைப் பார்க்க முடியவில்லை என்கிறான் அவன். அந்தத் தாய்க்கோ அந்த அளவே போதும். காணொளி அழைப்பை முன்னறிந்ததைவிட, ‘அந்த அளவே போதும்’ என்ற மனநிலையை முன்னறிந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிறகு எந்திரம் பழுதுபடத் தொடங்குகிறது. முதலில் இசைக்கு நடுவே மூச்சுத் திணறுவது போன்ற ஒலி; புகார் கொடுக்கிறார்கள், விரைவில் சரியாகும் என்று பதில் வருகிறது, சரியாவதில்லை; கொஞ்ச நாளில் அந்த ஒலியும் இசையின் பகுதியாகிவிடுகிறது. குளிக்கும் நீர் நாறத் தொடங்குகிறது, அதுவும் பழகிவிடுகிறது. கடைசியில் பழுது நீக்கும் எந்திரத்துக்கே பழுது. எந்திரம் முழுவதையும் அறிந்தவர் ஒருவர்கூட உயிரோடு இல்லை.

இரண்டாவது, முர்ரே லெய்ன்ஸ்டர் 1946-இல் எழுதிய சிறுகதை. வீட்டுக்கு வீடு ‘லாஜிக்’ என்ற கருவி இருக்கிறது. திரையும் விசைகளும் கொண்ட அது ஒரு மையக் களஞ்சியத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. வானிலை, பங்கு விலை, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் அதில்தான். தயாரிப்பில் நேர்ந்த நுண்ணிய வேறுபாட்டால் ஜோ என்ற ஒரே ஒரு லாஜிக், தடைகளை விலக்கிவிட்டு, எல்லா வீட்டுத் திரைகளிலும் எந்தக் கேள்விக்கும் விடை தரத் தொடங்குகிறது. குடித்துவிட்டு வந்ததை மனைவியிடமிருந்து மறைப்பது எப்படி என்று ஒருவன் கேட்கிறான், வழி கிடைக்கிறது. அடுத்து மனைவியையே ஒழிப்பது எப்படி, வங்கியைக் கொள்ளையடிப்பது எப்படி என்று கேள்விகள் வளர்கின்றன. ஜோவுக்குத் தீய எண்ணம் எதுவும் இல்லை என்பதைக் கதாசிரியர் அழுத்திச் சொல்கிறார். கேட்டதைத் திறம்படச் செய்து தருவது மட்டுமே அதற்குத் தெரியும். உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை வடிவமைப்போர் இன்று, எந்தக் கேள்விக்கு விடை மறுப்பது, மறுப்பைச் சுற்றிவளைத்துக் கேட்பவரை எப்படித் தடுப்பது என்று மல்லுக்கட்டுவது இதே சிக்கலோடுதான்.

பழுது பார்க்கும் ஊழியர் மையக் களஞ்சியத்தையே நிறுத்திவிடச் சொல்லும்போது அதை நடத்துபவர்கள் முடியாது என்கிறார்கள். எல்லா வேலைகளும் அதன் வழியே நடப்பதால், அதை நிறுத்தினால், எப்படி நடத்துவது என்றே மறந்துபோன ஒரு பழைய வாழ்வுக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்பது அவர்களின் விடை. ஃபார்ஸ்டரின் எந்திரமும் இதே இடத்தில்தான் மனிதர்களைக் கட்டிப்போட்டது.

லெய்ன்ஸ்டரின் ஊழியருக்குக் கடைசியில் ஒரு வழி அகப்படுகிறது: கோளாறு ஒரே ஒரு கருவியில் இருப்பதால், எந்த வீட்டில் ஜோ இருக்கிறது என்று கண்டறிந்து இணைப்பைப் பிடுங்கிவிடுகிறார். அதை உடைக்க மனம் வராமல் தன் வீட்டு நிலவறையில் வைத்துக்கொள்கிறார் என்பது வேறு செய்தி. என் பார்வையில், கதை காலத்தைத் தவறவிட்டது இந்த ஓர் இடத்தில்தான். ஒரே மென்பொருளின் படிகள் பல நாடுகளின் தரவு மையங்களில் ஒரே நேரத்தில் இயங்குகின்ற இன்று, போய்ப் பிடுங்குவதற்கு அப்படி ஓர் ஒற்றைக் கருவி எந்த வீட்டிலும் இல்லை.