முதுமையில் முடக்குவாதத்தை அளத்தல்

மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாதியர்களே, தோட்ட வைத்திய உதவியாளர்களே,

முடக்குவாதத்தின் தீவிரத்தை அறிய வைத்தியர்கள் பெரிதும் பயன்படுத்தும் அளவுகோல் டாஸ் 28. தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கைவிரல்களின் அடி மூட்டு, நடு மூட்டு என 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, எத்தனையில் வலி, எத்தனையில் வீக்கம் என்று எண்ணி, அவற்றோடு உடலின் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையையும், தம் நிலைக்கு நோயாளியே 0 (மிக நலம்) முதல் 100 (மிக மோசம்) வரை இடும் மதிப்பையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். விடை 2.6க்குக் குறைந்தால் நோய் அடங்கியிருக்கிறது, 5.1ஐத் தாண்டினால் மிகத் தீவிரமாக இருக்கிறது. எழுபது வயதைக் கடந்தவரிடம் இந்த எண் ஏறும்போது, அதை ஏற்றியது எது என்று பிரித்துப் பாராமல் மருந்தைக் கூட்டலாகாது என்பதே என் வேண்டுகோள்.

ஈ.எஸ்.ஆர். வயதோடு ஏறும். பெண்ணுக்கு வயதுடன் 10ஐக் கூட்டிப் பாதியாக்கினால் இயல்பின் மேல்வரம்பு ஏறத்தாழக் கிடைக்கும். அதாவது, 70 வயதில் 40. அந்த 40 மட்டுமே சூத்திரத்தில் 2.58ஐத் தந்துவிடுகிறது. ஒரு மூட்டிலும் வலியோ வீக்கமோ இல்லாத பாட்டி தம் நிலைக்கு 10 என்று மதிப்பிட்டால்கூட மொத்தம் 2.72 ஆகி, அடங்கிய நோய் அடங்காததாகத் தாளில் பதிவாகும். தோட்டப் பெண்களிடம் நாம் அடிக்கடி காணும் இரத்தச்சோகையும் ஈ.எஸ்.ஆரை ஏற்றும்.

வலியும் அப்படியே. கொழுந்துக் கூடையுடன் காலமெல்லாம் சரிவுகளில் ஏறி இறங்கிய முழங்கால் தேய்மானத்தாலும் வலிக்கும். சூத்திரமோ வீக்கத்தைவிட வலிக்கு இருமடங்கு எடை கொடுக்கிறது. ஆகவே விரல்களால் அழுத்திப் பாருங்கள். தேய்மானம் விரல் நுனி மூட்டுகளில் எலும்புபோல் கெட்டியான முண்டாகத் தட்டுப்படும். முடக்குவாத வீக்கமோ அடி மூட்டிலும் நடு மூட்டிலும் மெத்தென்றிருக்கும். அதில் காலையில் எழும்போது வரும் மூட்டு விறைப்பும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கக்கூடும்.

மறுபுறம், பாதங்கள் அந்த 28இல் சேரவில்லை. எண் குறைவாக இருக்கும்போதே கால்விரல்களின் அடி மூட்டுகள் வீங்கியிருக்கலாம் என்பதால், செருப்பைக் கழற்றச் சொல்லி, முன்பாதத்தைப் பக்கவாட்டில் மெதுவாக அழுத்திப் பார்ப்பது அவசியம். வீக்கத்தை "வயது போனால் இப்படித்தான்" என்று ஒதுக்கினால் மூட்டு அரிக்கப்படும். வீக்கமே இல்லாதபோது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கூட்டினால் எலும்பு பலவீனமடையும், சர்க்கரை ஏறும், தொற்று எளிதில் பற்றும். இரண்டுமே முதியவருக்குப் பெருந்தீங்கு.

நோயாளியின் மதிப்பைப் பெறுவதில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். "எப்படி இருக்கிறீர்கள், அம்மா?" என்றால் "பரவாயில்லைங்க ஐயா" என்பார்; வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் கூட வந்த மகனே பதிலையும் சொல்லிவிடுவார். தலை வாரிக்கொள்ள முடிகிறதா, ரொட்டிக்கு மாவு பிசைய முடிகிறதா என்று அவரிடமே கேட்டபின் மதிப்பிடச் சொல்லுங்கள்.

இரத்த முடிவு தாமதமாகும் இடங்களில் இரத்தப் பரிசோதனை தேவைப்படாத சி.டி.ஏ.ஐ. என்ற இன்னோர் அளவுகோல் கைகொடுக்கும். வலி, வீக்கம் ஆகியவற்றின் எண்ணிக்கையோடு, நோயாளியும் வைத்தியரும் 10க்குள் இடும் மதிப்புகளைக் கூட்டினால் போதும், 2.8 வரை அடங்கிய நிலை, 22க்கு மேல் தீவிரம். எந்த அளவுகோலாயினும், கூட்டுத்தொகையோடு அதன் ஒவ்வொரு பகுதியையும் கிளினிக் கொப்பியில் தனித்தனியாக எழுதிவையுங்கள். அடுத்த முறை பார்க்கும் வைத்தியர் வேறொருவராக இருந்தாலும், எது ஏறியது என்பதை அவர் அதிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.